வேலி பார்ப்பவர்

ஆல்டன் பெரோ இருபத்தாறு வருஷம் டார்பின் ஊரின் வேலி பார்ப்பவராக இருந்தார். சம்பளம் கிடையாது, நாற்காலி கிடையாது. இரண்டு பண்ணைக்காரர்கள் எல்லை வேலிக்காக முட்டிக்கொண்டால் போய்ப் பார்த்து, யார் பக்கம் நியாயம் என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான். இருபத்தாறு வருஷத்தில் ஒரே ஒரு தடவைதான் கூப்பிட்டார்கள். இவர் பூட்ஸை மாட்டிக்கொண்டு போய்ச் சேர்வதற்குள் வேலி தாண்டிய கிடாரிகள் தாமாகவே கொட்டகைக்குத் திரும்பிவிட்டன. ஆனால் வெர்மாண்ட் மாநிலத்தில் ஊர் என்று ஒன்று இருந்தால் வேலி பார்ப்பவரும் இருந்தாக வேண்டும். மார்ச் மாதம் முதல் செவ்வாய்க்கிழமை ஊர்க்கூட்டத்தில் யாராவது எழுந்து ஒரு பெயரை முன்மொழிவார்கள், மற்றவர்கள் "சம்மதம்" என்று கத்துவார்கள்.

முன்மொழிவது எப்போதும் ஹெஸ்டர் கிம்பல்தான். பள்ளிக்கூடத்தில் நாற்பது வருஷம் கணக்கு வாத்தியாராக இருந்த அம்மாள். பின்னிக்கொண்டிருக்கும் கம்பளியை மடியில் வைத்துவிட்டு எழுந்து நிற்பாள். "தலைவரே, ஆல்டன் பெரோவை முன்மொழியறேன். இந்த ஊர்ல அடுத்தவங்க வேலியைத் தாண்டாத ஒரே மனுஷன் அவர்தான்." வருஷா வருஷம் அதே வார்த்தைகள், வருஷா வருஷம் அதே சிரிப்பு. ஆல்டனும் சிரிப்பார். அந்தச் சிரிப்பு அவர் தொண்டைக்குக் கீழே ஒரு நாளும் இறங்கியதில்லை.

ஏன் இறங்கவில்லை என்பதைச் சொல்லத்தான் வந்தேன்.

ஆல்டன் பத்தொன்பது வயதில் டெலிபோன் கம்பெனியில் கம்பம் ஏறப் போனவர். அப்பா கருங்கல் வெட்டி நுரையீரல் போய்ச் செத்தவர். கல் வெட்டும் மலைப்பக்கம் போக மாட்டேன் என்று மகனிடம் அம்மா சத்தியம் வாங்கிக்கொண்டாள். பத்து வருஷம் கம்பம் ஏறிய பிறகு, தேவாலயத்துக்குப் பின்னால் ஜன்னலே இல்லாத ஒரு செங்கல் கட்டடம் இருந்ததே, ஊர் எக்ஸ்சேஞ்ச், அதற்கு அவரைப் பொறுப்பாகப் போட்டார்கள். ஊரின் முந்நூற்றுச் சொச்சம் வீடுகளுக்கும் போகும் கம்பிகள் அந்த ஒரு சுவரில் வந்து முடியும். எந்தக் கம்பி யார் வீடு என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். ஒழுங்கான மனிதர். குடி கிடையாது, வம்பு கிடையாது. கல்யாணமாகி, பிள்ளை இல்லாமல், மனைவி ஜெனீனைப் புற்றுநோய்க்குக் கொடுத்துவிட்டுத் தனியாகச் சமைத்துச் சாப்பிட்டார்.

1971 பிப்ரவரியில் கோட் போட்ட இரண்டு பேர் எக்ஸ்சேஞ்சுக்கு வந்தார்கள். பனிக்கு லாயக்கில்லாத பளபளப்பு ஷூ. ஹெஸ்டர் கிம்பல் வீட்டுக் கம்பியிலிருந்து ஒரு இணைப்பு எடுத்து, அஞ்சல் அலுவலகத்துக்கு எதிரே தாங்கள் எடுத்திருக்கும் வாடகை அறைக்குக் கொடுக்க வேண்டும் என்றார்கள். ஹெஸ்டரின் தம்பி வெண்டெல், வியட்நாம் போருக்கு வர மாட்டேன் என்று எல்லை தாண்டிக் கனடாவுக்கு, மாண்ட்ரியால் போய்விட்டவன். அக்காவோடு பேசுவான், அது தெரிந்த விஷயம்தான்.

"கோர்ட் காகிதம் எங்கே?" என்று ஆல்டன் கேட்டார். கேட்காமல் இல்லை, அதைச் சொல்லியாக வேண்டும்.

"பின்னால வரும். உங்க மேலதிகாரிகிட்டப் பேசியாச்சு. நாட்டுக்காக ஒரு பத்து நிமிஷம் செய்ய மாட்டீங்களா?"

பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. கோப்பையில் இருந்த காப்பி ஆறுவதற்குள் முடித்துவிட்டார். காகிதம் வரவே இல்லை.

அந்த ஜனவரியில்தான் ஹெஸ்டர், வெண்டெல் இவர்களின் அம்மா இறந்திருந்தாள். எங்கள் பக்கம் குளிர்காலத்தில் செத்தால் உடனே புதைக்க முடியாது. தரை இரும்பாகக் கிடக்கும். சவப்பெட்டியை மயானத்துக் கல்லறைக் கொட்டடியில் வைத்துப் பூட்டிவிட்டு, மண் இளகும் வரை காத்திருக்க வேண்டும். அதாவது மரணம் ஜனவரியில், அடக்கம் மே மாதத்தில். நடுவில் நாலு மாதம் இருக்கிறது, ஃபோனில் பேசிக்கொள்ள.

ஏப்ரல் கடைசியில் அந்தக் கோட்காரர்கள் வந்து, சத்தம் சரியாகக் கேட்கவில்லை என்று குறைப்பட்டார்கள். ஆல்டன் கம்பியைச் சோதிக்கக் காதுக்குழாயை மாட்டினார். ஹெஸ்டரின் குரல் வந்தது.

"மே எட்டு, பத்து மணி. காட்டுப்பாதை வழியா வா, ரோட்டுப்பக்கம் தலைகாட்டாதே. நீ வர்றது எனக்கும் தங்கச்சி லோயிஸுக்கும் மட்டும்தான் தெரியும்."

"சத்தம் நல்லா இருக்கு" என்று ஆல்டன் காதுக்குழாயைக் கழற்றி வைத்தார்.

மே எட்டாம் தேதி, பெட்டியைக் குழிக்குள் இறக்குவதற்கு முன்பே வெண்டெலைப் பிடித்தார்கள். கையில் ஒரு பிடி மண் இருந்தது, அதைப் போடக்கூட விடவில்லை பாவிகள். இரண்டு வருஷம் சிறை. வெளியே வந்தவன் நேராக வடக்கே போனான். "உங்க ரெண்டு பேர்ல ஒருத்திதான்" என்று ஒரே ஒரு வரிக் கடிதம் போட்டான். அதற்குப் பிறகு அவன் இருக்கிறானா செத்தானா என்பதே தெரியவில்லை.

அந்தக் கடிதத்துக்கு முன்பே ஹெஸ்டர் அதே கணக்கைப் போட்டிருந்தாள். இரண்டு பேரில் ஒருத்தி என்றால், தான் சொல்லவில்லை என்பது அவளுக்குத் தெரியும். மிச்சம் இருப்பது யார்? தங்கை லோயிஸ். அவள் புருஷன் ராணுவத்துக்காரன், சாப்பாட்டு மேஜையிலேயே வெண்டெலைக் கோழை என்று திட்டியவன். கணக்கு வாத்தியாருக்குக் கணக்கு சரியாக வந்துவிட்டது. மயானத்திலிருந்து திரும்பிய அன்றைக்கே ஹெஸ்டர் தங்கையோடு பேச்சை நிறுத்தினாள். லோயிஸ் வாசலில் நின்று அழுதாள், குழந்தைகள் தலையில் அடித்துச் சத்தியம் செய்தாள். கதவு திறக்கவில்லை. ஒரே தெருவில் நானூறு அடி தள்ளி, முப்பத்திரண்டு வருஷம் இரண்டு பேரும் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்க்காமல் இருந்தார்கள்.

இத்தனையும் ஆல்டனுக்குத் தெரியும்.

அந்தக் குளிர்காலத்திலிருந்து ஹெஸ்டர் வீட்டு வாசல் பனியை அவர்தான் தள்ளினார். விடிவதற்குள் தன் பழைய டிரக்கின் முன்னால் பனி தள்ளும் கலப்பையை மாட்டிக்கொண்டு வந்துவிடுவார். தொண்ணூறாம் வருஷம் ஜெனீன் போன பிறகு, வியாழக்கிழமை தோறும் ஹெஸ்டர் அவரைச் சாப்பிடக் கூப்பிட்டாள். வெல்லப்பாகு ஊற்றி வேகவைத்த பீன்ஸ், ஆவியில் அவித்த கறுப்பு ரொட்டி, அப்புறம் சீட்டாட்டம். ஊர் சும்மா இருக்குமா? "யோவ், பேசாம மோதிரத்தை மாத்திக்க வேண்டியதுதானே, எதுக்கு இந்தப் பனி தள்ற நாடகம்?" என்று பெட்ரோல் நிலையத்தில் கேலி செய்வார்கள். ஆல்டன் காது சிவக்கத் திரும்பிப் போவார். அந்த வியாழக்கிழமை இல்லாவிட்டால் வாரத்தில் அவருக்கு வேறு என்ன இருந்தது? ஒன்றுமில்லை. அதனால்தான் வாயைத் திறக்கவில்லை. ஒவ்வொரு வியாழனும் சொல்லிவிடலாம் என்று நினைத்துப் போவார், ஒவ்வொரு வியாழனும் இன்னொரு கரண்டி பீன்ஸ் வாங்கிக்கொண்டு வருவார்.

2003 ஜனவரியில் லோயிஸ் செத்தாள். மே மாதம் அடக்கம். ஹெஸ்டர் மயானத்துக்குள் போகவில்லை, எதிர்ப்பக்கச் சாலையில் காரை நிறுத்தி, கண்ணாடியைக்கூட இறக்காமல் உட்கார்ந்திருந்தாள். ஆல்டன் வேலியோரம் நின்று இரண்டு பக்கத்தையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

மூன்று வருஷம் கழித்து அந்தச் செய்தி வந்தது. கோர்ட் உத்தரவு இல்லாமலேயே ஜனங்களின் தொலைபேசிப் பேச்சைக் கேட்க ஜனாதிபதி அனுமதி கொடுத்திருக்கிறார் என்று பத்திரிகையில் போட்டிருந்தான். ஹெஸ்டர் கொதித்துப்போனாள். அவரைப் பதவி நீக்க விசாரணைக்கு உட்படுத்த வேண்டும் என்று ஊர்க்கூட்டத்தில் தீர்மானம் கொண்டுவருவதாகக் கிளம்பிவிட்டாள். கையெழுத்துக் காகிதத்தை முதலில் நீட்டியது ஆல்டனிடம்தான், வியாழக்கிழமை, பீன்ஸ் தட்டுக்குப் பக்கத்தில்.

"கண்ணாடி கொண்டு வரல ஹெஸ்டர்."

"உன் மூக்கு மேல இருக்கிறது என்ன, எலும்பா?"

"அரசியல் நமக்கெதுக்கு..."

"தூக்குல போடவா சொல்றேன்? கூப்பிட்டு நிக்கவெச்சுக் கேளுங்கன்னுதானே சொல்றேன். நீ டெலிபோன்ல முப்பத்தஞ்சு வருஷம் குப்பை கொட்டினவன். காகிதம் இல்லாம ஒருத்தர் கம்பியில கை வைக்கலாமா, கூடாதா? சொல்லு."

"கூடாது" என்று ஆல்டன் தட்டைப் பார்த்துச் சொன்னார். கையெழுத்தும் போட்டார். எழுத்து கோணலாக விழுந்ததைப் பார்த்து, "வயசாயிடுச்சு கிழவா" என்று ஹெஸ்டர் சிரித்தாள்.

ஊர்க்கூட்டம் பள்ளிக்கூட விளையாட்டுக் கூடத்தில். காலையில் பதவித் தேர்தல். ஹெஸ்டர் எழுந்தாள், வேலியைத் தாண்டாத ஒரே மனுஷன் என்றாள், எல்லோரும் சிரித்தார்கள். பிறகு சாலைக்குச் சரளைக்கல், தீயணைப்பு வண்டிக்கு டயர். மத்தியானம் அவரவர் கொண்டுவந்த பதார்த்தங்களைப் பங்கிட்டுச் சாப்பாடு. சாப்பிட்ட பிறகு, பாதிப் பேர் கொட்டாவி விடும் நேரத்தில், ஹெஸ்டரின் தீர்மானம் வந்தது.

எங்கள் கூட்டத்தில் ஒரு சட்டம் உண்டு. யாரும் யாரிடமும் நேராகப் பேசக் கூடாது. கட்டிய பெண்டாட்டியோடு வாக்குவாதம் என்றாலும் மேடையில் இருக்கும் தலைவரைப் பார்த்துத்தான் பேச வேண்டும். அடிதடி வராமல் இருக்க அந்தக் காலத்திலேயே செய்த ஏற்பாடு. அந்த வருஷம் தலைவர் எமரி டட்டன், மாட்டுப்பண்ணைக்காரர்.

ஹெஸ்டர் வகுப்பெடுப்பதுபோலச் சொன்னாள். "தலைவரே, இதுக்குன்னே ஒரு ரகசிய நீதிமன்றம் இருக்கு. அவசரம்னா முதல்ல கேட்டுட்டு, மூணு நாளைக்குள்ள போய்க்கூட அனுமதி வாங்கிக்கலாம். அந்த நாலு படிகூட ஏற முடியாதுன்னா, அது சட்டத்தை மறந்தது இல்லை, மிதிச்சது. சட்டத்தைக் காப்பேன்னு கையைத் தூக்கிச் சத்தியம் பண்ணினவர் மிதிச்சா, பதவியில இருக்கலாமான்னு கேட்கிறதுதான் அரசியல் சட்டம் நமக்குக் கொடுத்த வழி."

டார்லீன் பர்டிக் எழுந்தாள். தபால்காரி; மகன் ஈராக்கில் இருக்கிறான். குரல் உடைந்திருந்தது. "தலைவரே, என் பையன் அங்கே மண்ணுல படுத்திருக்கான். குண்டு வைக்கிறவன் பேசறதைக் கேட்டா அவன் உயிரோட வருவான். ஹெஸ்டர் அம்மாவுக்குக் காகிதம் முக்கியம், எனக்குப் பிள்ளை முக்கியம். நான் கேட்கிறேன், ஒட்டுக்கேட்டு யார் கெட்டுப்போனாங்க? இந்தக் கூடத்துல ஒருத்தர், ஒரே ஒருத்தர், அதால நாசமாப் போனேன்னு எழுந்து சொல்லட்டும். நான் ஓட்டு மாத்திப் போடறேன்."

கை தட்டினார்கள். ஹெஸ்டர் கூடத்தை ஒரு தடவை சுற்றிப் பார்த்தாள். அவளுக்குச் சொல்ல ஆள் தெரியவில்லை. தீர்மானம் தோற்கப்போகிறது என்று சுவருக்கும் தெரிந்தது.

ஆல்டன் எழுந்து நின்றார்.

அவர் பண்ணிய தப்பு இதுதான் என்று நான் இன்றைக்கும் சொல்வேன். அந்தச் சட்டம் அவருக்குத் தைரியம் கொடுத்துவிட்டது. ஹெஸ்டர் முகத்தைப் பார்க்க வேண்டாம். எமரியின் முகத்தைப் பார்த்துச் சொன்னால் போதும். முப்பத்தைந்து வருஷமாக வராத வார்த்தை அதனால்தான் வந்தது.

"தலைவரே, ஒருத்தர் இருக்காங்க. அவங்களுக்கே தெரியாது. எழுபத்தொண்ணாம் வருஷம் ஹெஸ்டர் கிம்பல் வீட்டுக் கம்பியில இணைப்பு கொடுத்தது நான். காகிதம் கேட்டேன், பின்னால வரும்னாங்க, கொடுத்துட்டேன். வெண்டெல் வர்ற தேதியை அந்த அரசாங்க ஆளுங்க அந்தக் கம்பியிலதான் கேட்டாங்க. லோயிஸ் யாருக்கும் சொல்லல."

எமரி முகத்தை விட்டு அவர் கண்ணை எடுக்கவில்லை.

"காகிதம் இருந்திருந்தா அதுல ஒரு பேர் இருக்கும் தலைவரே. ஏன் பண்ணினேன்னு அந்தப் பேரைப் போய்க் கேட்கலாம். பேர் இல்லாததால ஹெஸ்டர் கூடப்பிறந்தவளைச் சந்தேகப்பட்டாங்க. உத்தரவு போட்டவன் யாருன்னு எனக்கே இன்னைக்கு வரைக்கும் தெரியாது. இந்தத் தடவையாவது பேர் தெரியுது. அவரைக் கூப்பிட்டுக் கேட்கணும். என் ஓட்டு அதுக்குத்தான்."

உட்கார்ந்துவிட்டார். மனசிலிருந்து பாறை உருண்டதுபோல இருந்ததாம், அந்த ஒரு நிமிஷத்துக்கு.

ஹெஸ்டர் எழுந்தாள். ஆல்டன் பக்கம் திரும்பவே இல்லை. "தலைவரே, உங்க மூலமா அவரை ஒண்ணு கேட்கணும்."

"கேளுங்கம்மா" என்றார் எமரி. அந்த மனுஷன் குரலே மாறிவிட்டது.

"லோயிஸ் உயிரோட இருந்தப்போ, நான் அவகூடப் பேசறதில்லைன்னு அவருக்குத் தெரியுமா?"

"ஆல்டன்?" என்றார் எமரி.

"தெரியும், தலைவரே."

"எதனாலன்னு தெரியுமா?"

"தெரியும்." ஆல்டன் அதோடு நிறுத்தியிருக்கலாம். தொடங்கிய உண்மை அவரை நிறுத்த விடவில்லை. "லோயிஸ் ஒரு தடவை என்கிட்ட வந்து கேட்டாங்க. ஃபோன்ல யாராவது கேட்டிருக்க முடியுமா, ஆல்டன், நீ ஒரு வார்த்தை சொன்னா அக்கா நம்புவான்னு. அப்படியெல்லாம் நடக்காதுன்னு சொல்லி அனுப்பிட்டேன்."

ஹெஸ்டர் முன் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள்.  

"தலைவரே, பதினாறு வருஷமா வியாழக்கிழமை வியாழக்கிழமை அவர் என் மேஜையில உட்கார்ந்து சாப்பிட்டார். அங்கே தலைவர் யாரும் இல்லை. நான் மட்டும்தான் இருந்தேன். என்கிட்டச் சொல்லியிருக்கலாம்னு அவருக்குச் சொல்லிடுங்க."

எமரி ஓட்டெடுப்புக்குக் கை காட்டினார். 

ஓட்டெடுப்பு எழுந்து நின்று எண்ணுவது. ஆதரவாக அறுபத்து நாலு, எதிராக ஐம்பத்தாறு. டார்லீன் அழுதுகொண்டே ஆதரவுப் பக்கம் எழுந்தாள். கொடுத்த வாக்கைக் காப்பாற்றினாள், அதற்காக அவளை நான் மதிக்கிறேன். ஹெஸ்டரும் எழுந்தாள். எண்ணி முடித்ததும் பின்னலைப் பைக்குள் போட்டுக்கொண்டு, யாரையும் பார்க்காமல் வெளியே போனாள். ஆல்டன் நாற்காலிகளை மடித்து அடுக்கும் வரை இருந்தார். ஒரு நாற்காலியை இரண்டு தடவை மடித்தார்.

அந்த வியாழன் பெரும் பனி. விடியற்காலையில் ஆல்டன் டிரக்கை எடுத்துக்கொண்டு போனால், ஹெஸ்டர் வீட்டு வாசலில் எமரி டட்டன் வண்டி நிற்கிறது, குறுக்கே. எமரி இறங்கி வந்து இவர் ஜன்னலைத் தட்டினார்.

"நான் இன்னைக்கும் தலைவராத்தான் வந்திருக்கேன்டா, ஆல்டன். என்னைத் திட்டாதே."

"சொல்லு."

"பனி தள்ள வேண்டாமாம். பீன்ஸும் இனிமே இல்லையாம். உன்கிட்டப் பேசணும்னா என் மூலமாப் பேசிக்கிறாளாம். பேச வேண்டி வராதுன்னும் சொன்னா."

"வேற ஏதாவது கேட்டாளா?"

"வெண்டெலுக்கு எந்த விலாசத்துக்கு எழுதறதுன்னு கேட்டா. எனக்கு எப்படிடா தெரியும்?"

ஆல்டன் வண்டியைப் பின்னுக்கு எடுத்தார். கலப்பையைத் தூக்கிக் கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய், காப்பி போட்டு, குடிக்காமல் ஆறவிட்டார். முப்பத்தைந்து வருஷத்தில் முதல் தடவையாகத் தன் கூடத்தில் உட்கார்ந்து பனி விழுவதைப் பார்த்தாராம். அன்றைக்கு எமரிதான் மண்வாரியால் அந்த வாசலைச் சுத்தம் பண்ணினார், பாவம், இடுப்பு பிடித்துக்கொண்டு ஒரு வாரம் படுத்தார்.

தீர்மானத்தை ஊர் எழுத்தர் முத்திரை போட்டு வாஷிங்டனுக்கு அனுப்பினார். பதில் வரவில்லை. ஜனாதிபதி தன் காலம் முடியும் வரை பதவியில் இருந்தார்.

மே மாதம் மண் இளகியதும் ஹெஸ்டர் தங்கையின் கல்லுக்குப் பக்கத்தில் ஒரு மடக்கு நாற்காலி போட்டு உட்கார ஆரம்பித்தாள். தினமும் மத்தியானம். உதடுகள் அசையும். ஆல்டன் அந்தப் பக்கம் போவதை விட்டுவிட்டார். கடைக்குப் போக இரண்டு மைல் சுற்றிக்கொண்டு போனார்.

அடுத்த வருஷம் மார்ச்சில் ஊர்க்கூட்டம். ஆல்டன் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு வந்தார். வராமல் இருந்திருக்கலாமே என்று தோன்றும். மனுஷனுக்கு ஆசை விடுமா? ஹெஸ்டர் வழக்கமான இடத்தில், மடியில் கம்பளி. நிலக்கரி எடை பார்ப்பவர், மரம் அளப்பவர் பதவிகளெல்லாம் முடிந்தன. எமரி கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார்.

"வேலி பார்ப்பவர். பெயர்கள் சொல்லலாம்."

நூறு தலைகள் ஹெஸ்டர் பக்கம் திரும்பின. வேறு யாராவது அவர் பெயரைச் சொல்லியிருக்கலாம். நானும் சொல்லியிருக்கலாம். ஒருத்தரும் சொல்லவில்லை, அது அவள் சொல்ல வேண்டிய பெயர். ஆல்டன் தன் கைகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"பெயர்கள் சொல்லலாம்" என்று எமரி இரண்டாம் தடவை சொன்னார்.

பின்னல் ஊசிகள் உரசும் சத்தம் மட்டும் கேட்டது. ஹெஸ்டர் ஒரு வரிசையை முடித்தாள், கம்பளியைத் திருப்பிப் பிடித்தாள், அடுத்த வரிசையைத் தொடங்கினாள்.

எமரி மூன்றாவது தடவை கேட்கவில்லை. பதவி காலி என்று எழுதிக்கொள்ளச் சொன்னார்.